கட்டியவனே உடைத்த கரை

பாகான் செராய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷர்மினிக்கு,

டப்ளின் குளிரில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இந்தக் காகிதத்தை எடுத்தேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலை, தைப்பிங் ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்த மருந்து கேட்கிறது. உன் தம்பி பவித்ரன் பினாங்கு வேலையில் நிலைத்துவிட்டான், சமையல்தான் இன்னும் வரவில்லை, தினமும் கடைச் சோறு. போன வாரம் நீ போனில், அப்பா படம் ஏன் எல்லார் வாட்சப்பிலும் வருகிறது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அயர்லாந்துக்குப் போன வருஷம் பெரிய அலை நாளில் நம் தாமான் வீடுகளுக்குள் உப்புத் தண்ணீர் முழங்கால் அளவு வந்ததே, அம்மா அரிசி வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாளே, அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்துவிட்டது, உன்னிடம் சொல்லவில்லை. கடலோரத்தில் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு திரும்ப வளர்ந்தால் அலை தணியும், அதற்கு அரசாங்கம் உதவி நிதி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, நம் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஜெயபாலன் மனு போட்டார். பத்தாயிரம் கன்று நடுவோம், பள்ளிப் பிள்ளைகளை அழைப்போம், ஒரே நிறத்தில் சட்டை போடுவோம் என்றெல்லாம் எழுதியிருந்தார். மனு திரும்பி வந்தது, கூடவே ஒரு மதிப்பெண் தாளும் வந்தது. ஊர் மக்கள் ஒத்துழைப்புக்கு நல்ல மதிப்பெண். நிலத்துக்குக் கடல்நீர் வந்துபோகும் வழிக்கு முப்பதுக்கு மூன்று. அரசாங்கப் பணம் ஆளைப் பார்த்துக் கொடுப்பது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன் மகளே, சேற்று நிலத்துக்குப் பரீட்சை வைத்துத் தாள் திருத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சுற்றுக்கு மனு போடுவதற்கு முன் நிலத்தைப் பார்க்க நிதி கொடுக்கும் ஆபீசிலிருந்து புவான் ரோஹானி என்ற அம்மா வந்தார். உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கோடு போட்ட கம்பைச் சேற்றில் நட்டு, தண்ணீர் ஏறி இறங்கும் வரை ஆறு மணி நேரம் வெயிலில் நின்றார். இங்கே கன்று நட்டால் எல்லாம் சாகும், தினசரி அலை உள்ளேயே வரவில்லை, முன்னே எந்த வழியாக வந்தது என்று மலாயில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். உனக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. நான் வேலை செய்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட சமயம், மேனேஜர் சொன்னார் என்று மண்வாரி ஓட்டி, கடல்நீர் வந்துபோன ஓடையின் வாயை அடைத்துக் கரை கட்டியவன் நான்தான். பனையும் அங்கே பிடிக்கவில்லை, உள்ளே இருந்த பாக்காவும் நின்றபடியே செத்தது. தோட்டம் மூடி, நிலம் அரசாங்கத்திடமே திரும்பிப் போயும், அந்தப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொள்வேன். அம்மாவுக்கு மட்டும் இது தெரியும். அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் புள்ள சேத்துல நின்னு கேக்குது, நீங்க தெரிஞ்சிகிட்டே வாய மூடிகிட்டு ஒக்காந்திருக்கீங்க” என்றாள். எழுந்து போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, “பாக்சிக், வரைஞ்சு காட்டுங்க” என்று, மாமா முறை வைத்து மலாயில் சொன்னார். இரண்டு வளைவு, மூன்று கிளை, எனக்கு நினைவிருந்த மாதிரி வரைந்தேன்.

இரண்டாவது மனுவில் கன்றுகளே இல்லை. கரையை உடைப்பது, அதற்கு முன்னால் வீடுகளை ஒட்டி உள்பக்கம் வேறு கரை எழுப்புவது, அவ்வளவுதான். தாமானில் பெரிய சண்டை. “மாயாண்டி அண்ணே, கரைய ஒடைச்சா வீட்டுக்குள்ளயே மீன் புடிக்கலாம்லா” என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஈப்போவில் ஐந்து பேர் உட்கார்ந்து எங்களைக் கேள்வி கேட்டார்கள், நிலம் யாருடையது, வீடுகளுக்கு என்ன பாதுகாப்பு, மூன்று வருஷம் கழித்து யார் பார்த்துக்கொள்வது, தோற்றுப்போனால் என்ன செய்வீர்கள் என்று. கடைசியில் என் பென்சில் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். நாற்பது மனுவில் ஆறைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் நம்முடையதும் ஒன்று. பணத்தையும் ஒரேயடியாகத் தரவில்லை, உள்கரை எழும்பி அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் உடைக்கிற செலவுக்குக் கொடுத்தார்கள்.

உடைக்கிற காலை, வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரரிடம் கேட்டு நானே மண்வாரியில் ஏறினேன். அம்மா வேண்டாம் என்று தடுக்கவில்லை. நாலாவது அள்ளலில் தண்ணீர் உள்ளே வந்தது. பாய்ந்து வரவில்லை மகளே, மெதுவாக, வழி தெரிந்த ஆள் நடக்கிற மாதிரி வந்தது. முதல் வளைவு நான் வரைந்தபடியே. இரண்டாவதில் நான் இடப்பக்கம் போட்டிருந்தேன், தண்ணீர் வலப்பக்கம் திரும்பியது. முப்பது வருஷம் மூடிக் கிடந்த ஓடையில் நான் மறந்துபோனதைத் தண்ணீர் சரியாகச் செய்தது. புவான் ரோஹானி என் பென்சில் படத்தை எடுத்து அந்த வளைவைத் திருத்திக்கொண்டார். நான் இறங்கி நின்று கும்பிட்டேன், யாரைக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை. அன்று யாரோ எடுத்து வைத்திருந்த அந்தப் படத்தைத்தான், போன மாத அலைக்குப் பிறகு, இப்போது எல்லாருக்கும் அனுப்புகிறார்கள்.

கரையை உடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்துக் காட்டிலிருந்து விதைகள் அலையோடு மிதந்து வந்து தாமாகவே சேற்றில் குத்தி நின்றன. மீன்கொத்தி வந்தது, நண்டு வந்தது. போன மாதம் பெரிய அலைக்கு உள்கரை நனைந்ததோடு சரி, வீட்டு வாசலில் ஒரு சொட்டு இல்லை. சண்டை போட்டவர்களே இப்போது சாயந்திரம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அடுத்த பாகம் நிதிக்குக் கணக்கெடுக்க வேண்டும் என்று கயிறு கட்டிக் கட்டம் கட்டமாக மூன்று நாள் கன்றுகளை எண்ணினோம். படிவத்தில் நட்ட கன்று எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை என்று இரண்டு இடம். ஜெயபாலன் பேனாவைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் நடலன்னு எழுதினா காசு குடுப்பாங்களா” என்று தயங்கினார். உள்ளதை எழுதுங்கள் என்றேன். நட்டது சைபர், இருப்பது ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. புவான் ரோஹானி அந்த இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக, நீண்ட காலம் வாழ வேண்டும், அம்மாவும் நானும் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பார்த்துக்கொள், டிசம்பரில் அதைச் சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போடாதே. வரும்போது ரப்பர் பூட்ஸ் கொண்டுவா. இப்போது படம் எடுத்து அனுப்பினால் பச்சைதான் தெரியும், சத்தம் கேட்காது. தண்ணீர் வடிந்ததும் அந்தச் சேறு முழுக்க, அடுப்பில் பொரி பொரிகிற மாதிரி, சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே அத்தனை உயிர். எனக்கு அறுபத்தொரு வயது, சேறு பேசி இப்போதுதான் கேட்கிறேன். நீ வந்து பக்கத்தில் நின்று கேள்.

அன்புள்ள அப்பா,
மாயாண்டி