நீங்கள் இருக்காத கதிரை

அப்பா,

இன்று காலை இங்கே சுவிஸில், லுசேர்ண் நகரில் ஒரு கிண்டர்கார்டனில் ஃபுளோரைட் ஜெல் குழாயைத் திறந்தேன். அந்தப் புதினா மணத்தோடு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளைகள் குட்டையான கைகழுவும் தொட்டிகளின் முன்னால் பிறஷ்ஷோடு வரிசையாக நின்றார்கள். "விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும்" என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளி பள்ளியாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் காட்டிக்கொடுப்பதுதான் இப்போது என் வேலை. நீங்கள் இதைப் பார்க்க இருக்கவில்லை.

எனக்கு ஏழு வயதில் இப்படி ஒருவர் எங்கள் வகுப்புக்கும் வந்தார். முதலில் கடிக்கும் பக்கம், பிறகு வெளிப்பக்கம், கடைசியில் உள்பக்கம். அன்று மாலையே அந்தப் பாடத்தை உங்களுக்கு நடத்தினேன். ஹொட்டேல் குசினியில் வேலை முடித்து வந்து களைத்துப்போய் இருந்தீர்கள்.

"அப்பா, கொடுப்புப் பல்லையும் தேய்க்கோணும். ஆ காட்டுங்கோ."

"ஓம் ரீச்சர்," என்று கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். காட்டவில்லை. நீங்கள் எப்போதும் ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுவீர்கள், கதவைச் சாத்திக்கொண்டுதான் பல் துலக்குவீர்கள். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடப் பள்ளிப் பரிசோதனையில் எனக்குச் சூத்தைப் பல் இருப்பதாகச் சொன்னார்கள். "பால் பல்லுத்தானே, விழுந்திடும்," என்றார் அம்மா. நீங்கள் கேட்கவில்லை. "நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றீர்கள்.

பல் வைத்தியரின் அறை வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். கதிரை பின்னால் சாய்ந்து, விளக்கு முகத்துக்கு நேரே எரிந்ததும் நான் "அப்பா!" என்று கத்தினேன். உள்ளே வந்து என் காலைப் பிடித்தீர்கள். உங்கள் கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்து, வேர்வையில் வழுக்கியது. வைத்தியர் என்னை விட்டுவிட்டு உங்களுக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன்: "நோகேல்லை அப்பா. நீங்களும் ஒருக்காப் போங்கோவன்."

"பாப்பம்," என்றீர்கள். அதன் பிறகும் ஒவ்வொரு வருடமும் என்னைக் கூட்டிப்போனீர்கள். நீங்கள் அந்தக் கதிரையில் ஒருநாளும் ஏறவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது உங்கள் தாடை வீங்கியது. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். கராம்பு, உப்புத் தண்ணீர், வலி மாத்திரை. "இஞ்சருங்கோ, டொக்டரிட்டைப் போங்கோ," என்று அம்மா கெஞ்சினார். "வத்தீடும்," என்றீர்கள். ஒரு ஞாயிறு காலை எச்சிலை விழுங்க முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. அம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான்.

பல்லில் தொடங்கிய கிருமி கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது என்றார்கள். கழுத்தைத் திறந்து சீழ் எடுத்தார்கள். நீங்கள் கண் விழிக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் ஓர் இளம் டொக்டர் கேட்டார், ஏன் இவர் இத்தனை வருடம் பல் வைத்தியரிடம் போகவில்லை என்று. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: 

"ஊரில ஆமி முகாமில கதிரையில கட்டி வச்சு, முகத்துக்கு லைட் அடிச்சு, குறட்டால பல்லுப் புடுங்கினவங்கள். பிள்ளைக்குச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர். சொல்லு, டொக்டருக்குச் சொல்லு."

நான் சொன்னேன். குறட்டுக்கு ஜெர்மன் வார்த்தை வரவில்லை. விரல்களால் செய்து காட்டினேன். டொக்டர் பக்கத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன வாரம் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம். பின்வரிசையில் மகளோடு ஒரு தமிழ்த் தகப்பன். மகளுக்கு எந்த பிறஷ், எவ்வளவு பற்பசை என்று கவனமாகக் கேட்டார். அவருடைய ஒரு கன்னம் உப்பியிருந்தது. எல்லாரும் போனபின் கேட்டேன்: "அண்ணை, உங்கட பல்லை ஆர் பாக்கிறது?"

அவர் குனிந்து மகளின் ஜாக்கெட்டைப் பூட்டினார்.

"கதிரையைச் சாய்க்காமல், கதவைத் திறந்து வச்சுப் பாக்கிற டொக்டர் ஒராள் இருக்கிறா. நானும் வாறன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஆர் சொன்னது, தங்கச்சி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, அண்ணை."

நேற்று வந்தார். அந்த டொக்டரிடம் நின்றபடியே வாயைத் திறந்து காட்டினார், வீக்கத்துக்கு மருந்தும் எழுதி வாங்கினார். பல்லைப் பிடுங்க வேண்டும் என்றதும் வெளியே போய், படிக்கட்டில் குந்திவிட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன். "குறை நினைக்காதேங்கோ," என்றார். 

செவ்வாய்க்கிழமை திரும்பவும் போகிறோம். அவர் கதிரையில் ஏறுவாரா என்று தெரியாது. உங்களோடு இப்படிப் போய்க் குந்தியிருக்க ஒருவரும் இருக்கவில்லை, அப்பா. அந்த ஆற்றாமை இன்னும் என்னோடு இருக்கிறது. அதையும் கொண்டுதான் நாளைக்கு அடுத்த வகுப்புக்குப் போகிறேன்.