வலது கையின் அளவு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை சின்னவள் மூவரும் நலம். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என நம்புகிறேன் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் என் வழக்கம், இந்த முறை அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும், கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

என் இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, பயந்த அளவுக்கு வலி ஒன்றும் இல்லை, ஆனால் குனியக் கூடாது, ஊசியில் நூல் கோக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று டாக்டர் ஏகப்பட்ட கூடாதுகளைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதுடி என்றால் கேட்பதில்லை, கடிதம் என்றால் ஒழுங்கான தமிழில்தான் இருக்க வேண்டுமாம், உன்னைத் திட்டும் இடத்தை மட்டுமாவது மாற்றாமல் போடு என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். தையல் மெஷினுக்கு மூடி போட்டாகிவிட்டது, கால் வைக்கும் இடத்தில் பூனை வந்து படுத்துக்கொள்கிறது. தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று கண்ணைப் பற்றி விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகத் துணியையும் விசாரிக்கிறார்கள். சமையல் அப்பா. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

போனில் கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்கிறேனே என்று நினைப்பாய். போனில் நீ சிரித்துவிடுவாய், சிக்னல் இல்லை என்பாய், உடனே அப்பாவிடம் கொடு என்பாய். தாளில் அதெல்லாம் நடக்காது.

முதலில் உன் மகாராணியைப் பற்றிப் பேச வேண்டும். நீ அந்த மிருகக்காட்சிசாலையில் சேர்ந்து, சர்க்கஸிலிருந்து மீட்டுவந்த கிழட்டுப் பெண் கரடியை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் உன்னைவிட அவளைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ரொட்டியை நீ பிய்த்துக் கையால் நீட்டினால்தான் வாய் திறப்பாள், தட்டில் வைத்தால் திரும்பியும் பார்க்க மாட்டாள் என்று நீ சொன்னதைக் கேட்டுத்தான் அப்பா அவளுக்கு மகாராணி என்று பேர் வைத்தார். நீ போன் செய்தால் அவர் கேட்கும் முதல் கேள்வியே மகாராணி சாப்பிட்டாளா என்பதுதான், அப்புறம்தான் நீ சாப்பிட்டாயா என்று கேட்பார். நீயும் கரடியும் சேர்ந்திருக்கும் படத்தை முடிதிருத்துகிறவர் முதல் தான் வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனையின் காவலாளி வரை எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது, அங்கே டயர் பிரிவில் அவர் தலை தெரிந்தாலே "கரடியோட அப்பா வந்துட்டாருய்யா, வழி விடுங்க" என்கிறார்களாம், அதையும் பெருமையாக வந்து சொல்கிறார்.

ஆனால் சின்னவள் இருக்கிறாளே, அவள் நூலகத்திலிருந்து என்னென்னவோ எடுத்துப் படித்துவிட்டு அப்பாவிடம் மல்லுக்கு நிற்பாள். வெளியே பசி இருக்கிறது, வேட்டைக்காரன் இருக்கிறான், உள்ளே வேளைக்குச் சோறு, உடம்புக்கு முடியாவிட்டால் டாக்டர், இதைவிட என்ன வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. "நானும்தான் இத்தனை வருஷமா ஒரே ஷெட்டுல கெடக்குறேன், எனக்கு யாரு போராடுறா?" என்று அவர் கேட்டால், "உங்களுக்கு ஞாயித்துக்கிழமை இருக்குப்பா, அதுக்கு இருக்கா?" என்று இவள் கேட்பாள். அவ்வளவு பெரிய திடலில் விட்ட பிறகும் மகாராணி பழைய சர்க்கஸ் கூண்டின் நீளத்துக்குத்தான் நடந்து நடந்து திரும்புகிறாள் என்று நீயே ஒருமுறை சொன்னாய் அல்லவா, அதைச் சொல்லித்தான் இவள் அவரை மடக்குவாள். நான் இருவர் கட்சியிலும் சேர்ந்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிருகத்துக்கு நம்மிடம் நன்றி இருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை என்பதுதான். அதை உன்னிடம் அப்போதே சொன்னேன், "அம்மா, அவ என்னை மோந்து பார்த்தே கண்டுபிடிச்சிடுவா" என்று சிரித்தாய்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். ஆரம்பித்தது சட்டையில். தலை வழியாக மாட்டும் சட்டை என்றால் உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது, கழுத்துப் பகுதி முகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சு முட்டுகிற மாதிரி வீட்டையே இரண்டாக்குவாய், அதனால்தான் இன்றுவரை உனக்குப் பொத்தான் வைத்த சட்டையாகத் தைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் முழுக்க வீடியோ காலில் நீ பனியன் மாதிரி, தலை வழியாக மாட்டும் சட்டையிலேயே வந்தாய். ஒருநாள் என்றால் சட்டையெல்லாம் துவைக்கப் போட்டிருக்கிறாய் என்று நினைத்திருப்பேன். கேட்டதற்கு "இங்க எல்லாரும் இதைத்தான் போடுறாங்கம்மா" என்றாய். எல்லாரும் போடுவதை நீ எப்போதடா போட்டாய்? பொத்தான் போட இரண்டு கை வேண்டும். எத்தனையோ பேருக்கு அளவெடுத்தவள் நான், கையில் சுளுக்கு உள்ளவர், தோள் இறங்கினவர் எல்லாரும் முதலில் விட்டுக்கொடுப்பது பொத்தானைத்தான்.

அதன் பிறகு நான் உன் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு உன்னைப் பார்க்க ஆரம்பித்தேன். தேநீர்க் கோப்பை இடது கையில் வந்தது. தலையைச் சொறிந்ததும் இடது கைதான். வலது கை படத்துக்குள் வரவே இல்லை, ஏதோ அந்தக் கை வேறு யாருடையதோ என்பது போல நாற்காலிக்குக் கீழேயே இருந்தது. ஒருமுறை உனக்குப் போன் செய்தபோது உன்னுடன் தங்கியிருக்கும் அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி எடுத்தான், நீ குளிக்கிறாய் என்றான், பின்னால் ஏதோ கருகுகிறது என்று பதறினான். "என்ன தம்பி, இன்னிக்கு உன் முறையா" என்று கேட்டேன். "இப்பல்லாம் தினமும் என் முறைதாம்மா" என்றவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். வெங்காயம் நறுக்கும் கத்தியை அடுத்தவர் தொட்டாலே கத்துகிறவன் நீ, அடுப்படியையே விட்டுக்கொடுத்திருக்கிறாய் என்றால் நான் என்ன நினைப்பது?

அடுத்தது உன் தங்கையின் பேச்சுப் போட்டி. காட்டு விலங்குகளைக் கூண்டில் வைப்பது சரியா தவறா என்பது தலைப்பு. இதே தலைப்புக்குப் போன வருடம் அவள் உன்னிடம் கேட்டபோது, சரிதான் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பி அவளைக் கடுப்பேற்றினாய். இந்த வருடம் எழுத நேரமில்லை என்று குரலில் பேசி அனுப்பினாய், அதிலும் பாதி நேரம் சும்மா இருந்தாய், கடைசியில் "ஒரு மிருகம் மனுஷனைக் காயப்படுத்திட்டா, அது மிருகத்தோட தப்பா, கூண்டோட தப்பா, கையை நீட்டினவன் தப்பா? இதை மட்டும் கேளு, பதில் சொல்லாத" என்றாய். இவளும் மேடையில் அப்படியே கேட்டாள், நானும் கண்ணுக்குப் பச்சை மறைப்போடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், கைதட்டல் நிற்கவே இல்லை. நடுவராக வந்திருந்த கால்நடை டாக்டர் அம்மாள், இந்தக் கேள்வியை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். எங்க அண்ணன், ஜூவுல வேலை பார்க்குறாரு என்று இவள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். "அப்போ அண்ணனையே கேளும்மா, ஆளைக் கடிச்ச மிருகத்தை என்ன பண்ணுவாங்கன்னு. சில இடத்துல தனியா அடைச்சு வைப்பாங்க, சில இடத்துல ஊசி போட்டு முடிச்சிடுவாங்க" என்று அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னார். நீ ஏன் மறைக்கிறாய் என்பது அந்த இடத்தில்தான் புரிந்தது. இவள் பரிசுக் கோப்பையோடு இறங்கி ஓடி வந்தாள், நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் இருக்கிறது, இந்த இடத்தை எழுதும்போது பேனாவை அழுத்துகிறாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். பையனுக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் கை என்று சொல்லவே இல்லையடா! சொல்லிவிட்டு அவருக்கே உறைத்துவிட்டது, கழுவின தட்டையே மறுபடி கழுவினார். உங்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன், தட்டைக் கவிழ்த்து வைத்தார். எத்தனை விரல் போயிற்று என்று கேட்டேன், குழாயை மூடினார். "அவன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன், நீயே அவன்கிட்ட கேட்டுக்கோ, என்னை விட்டுடு" என்று சொல்லிவிட்டு ஈரக் கையோடு வெளியே போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே அவர் மகாராணி சாப்பிட்டாளா என்று கேட்பதில்லை, பணிமனையில் படம் காட்டுவதும் இல்லை, சின்னவள் சண்டைக்கு இழுத்தாலும் "நீ சொல்றதும் சரிதான்" என்று எழுந்து போய்விடுகிறார். அவரையும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நீயும் அவரும் போனில் பேசும்போது அவர் ஏன் மாடிக்குப் போகிறார் என்று இனி நான் கேட்கப்போவதில்லை, கூடவே போகப்போகிறேன்.

ஆக, உன்னை அவள் கடித்திருக்கிறாள். நீ அதைக் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றோ, இரும்பு கிழித்தது என்றோ எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய், உண்மையைச் சொன்னால் அவளை முடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். நான் நினைப்பது தப்பாக இருந்தால் நல்லது, உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தப்பாக இருக்காது.

ஒளிக்காமல் சொல்கிறேன், முடித்துவிடட்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதைச் சொன்னதும் உன் தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அம்மா, அண்ணன் கையை மறைச்சதே அவளுக்காகத்தான், அவ செத்துட்டா அந்தக் கை எதுக்கு?" என்று கேட்டாள். கை எதுக்கு என்று கேட்க அவளுக்கு வயது போதாது, சோறு அள்ளிச் சாப்பிடத்தான் என்று சொல்லி அவளைத் திட்டினேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்ததில் அந்தக் கரடி சாக வேண்டும் என்று எனக்கு இல்லை. சர்க்கஸில் அவளைக் கொண்டுபோய் விட்டவர் யாரோ, அடித்தவர் யாரோ, கடைசியில் அவள் பல் பட்டது ரொட்டி நீட்டினவன் கையில். அவள் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும், உனக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

ஆனால் ஒன்று யோசித்தாயா? வலது கை முடியாதவன் இப்போது அவளுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுக்க முடியாது. உனக்குப் பதில் யாரோ ஒருவர் கம்பிக்குள் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். அவள் கடிப்பாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருத்தன், நீயும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் வீட்டில் அம்மா இருப்பாள், பொத்தான் சட்டையா தலை வழியாக மாட்டுவதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆகவே நீ போய் அதிகாரியிடம் உண்மையைச் சொல். கையை நீட்டிப் பழக்கியது நான், இனிமேல் அவளுக்கு யாரும் கையால் கொடுக்கக் கூடாது, அவளைக் கொல்ல வேண்டாம் என்று வாதாடு. எழுதித் தர வேண்டுமென்றால் உன் தங்கை எழுதித் தருவாள், கோப்பை வாங்கினவள் அல்லவா. டாக்டரிடமும் என்ன கடித்தது என்பதை மாற்றிச் சொல்லாதே, அதற்குத் தகுந்த மருந்தைத்தான் அவரால் கொடுக்க முடியும். காய்ச்சல் வந்தால், மேலே சிவந்து வீங்கினால், நாளைக்கு என்று தள்ளாதே. கண்ணாடிக்காரத் தம்பியைத் திட்டாதே, அவன் ஒன்றும் உளறவில்லை, நான்தான் பிடுங்கினேன். அப்பாவையும் ஒன்றும் சொல்லாதே, வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்து மனிதர் பாதியாகிவிட்டார்.

இத்துடன் வெட்டுத் தாள் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன், சட்டைக்கு மாதிரி வெட்டும் அந்தப் பழுப்புத் தாள்தான். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என் மேசைமேல் ஏறி, யாருடைய துணி என்றுகூடப் பார்க்காமல் உன் கையை விரித்து வைத்துச் சுற்றிலும் தையல் சாக்பீஸால் கோடு போடுவாய், நான் அடிக்க வருவேன். இப்போது அதையே செய். வலது கையை இந்தத் தாள்மேல் விரித்து வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. இடது கையால் பென்சில் பிடிக்க வராவிட்டால் அந்தத் தம்பியைப் போடச் சொல். இல்லாத விரலைச் சேர்த்து வரையாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. சின்னவள் தன் அன்பைத் தனியாகப் போடச் சொல்கிறாள், அப்பாவுக்கு இந்தக் கடிதம் எழுதுவது தெரியாது. தாளை மறந்துவிடாதே. கண் சரியானதும் முதல் வேலையாக உனக்கு ஒரு கை போதுமானபடி, முன்பக்கம் ஒட்டுப்பட்டி வைத்த, பொத்தான் இல்லாத சட்டையும், அந்தக் கைக்கு ஒரு உறையும் தைக்கப்போகிறேன். அந்தக் கை எப்படி இருந்தாலும் சரி, உள்ளபடி அளவு வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

(கையெழுத்து மட்டும் நானே போட்டேன், ஒற்றைக் கண்ணால் போட்டது, கோணலாகத்தான் இருக்கும்.)