மேனேஜரம்மா வீட்டுச் சாவி

அடுப்பில் நெத்திலி வேகிறது. உப்பில்லை, மஞ்சளில்லை, வெறும் தண்ணீரில். பக்கத்து வீட்டுக்காரி வாசம் பிடித்து எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, பூசைக்குப் போய்ட்டு வந்ததும் கொழம்பா?" என்றாள். "பூனைக்குடி" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன தெரியும்? உன் தோள்பையைத் திறந்தால் முதலில் இந்த வாசம் வரும், அதற்குப் பிறகுதான் நீ பேசுவாய். இன்றைக்கு வாசம் மட்டும் வந்திருக்கிறது.

உன்மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். உன் பேரைச் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னதே இல்லை. மண்ணுக்குள் போனவளிடம் மறைக்க என்ன இருக்கிறது, கேள்.

உத்தமபாளையம் மாட்டாஸ்பத்திரி வரிசையில்தானே நம் பழக்கம். நான் காய்ச்சல் கண்ட ஆட்டோடு நின்றேன், நீ கூடைக்குள் பூனையோடு நின்றாய். ஊருக்குப் போகிற வீட்டுக்காரர்கள் நாயையும் பூனையையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். வேலையையும் நீயே பிரித்தாய். "நாய் எச்சி பட்டா நான் கழுவிட்டுத்தான் தொழணும். நாய நீ வச்சுக்க ஆத்தா, பூனைய எனக்கு விட்டுரு" என்றாய். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள், அதற்கும் ஆட்டினேன்.

நமக்கு வாய்த்த பெரிய வீடு மேனேஜரம்மா வீடு. பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மகளைப் பார்க்கப் பெங்களூர் போனால் வாரக்கணக்கில் இருந்துவிடுவார்கள். பிரௌனி நாய் என் பொறுப்பு, சுந்தரிப் பூனை உன் பொறுப்பு. ஒரே வீடு, இரண்டு பேர். ஆனால் சாவி ஒன்று. அதை உன்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். அந்த வீட்டில் நான் செய்யாத வேலை உண்டா? நாய்க்குச் சோறு வைக்கப் போனவள் வாசல் கூட்டினேன், செடிக்குத் தண்ணீர் விட்டேன், சிலிண்டர் வாங்கி வைத்தேன், மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று ஒன்பது நாள் செபமாலை சொன்னேன். நீ என்ன செய்தாய்? உன் தண்ணீர் பாட்டிலோடு வருவாய். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாய். பூனைக்கு வைப்பாய், அது வெளிக்குப் போகிற மண் தட்டைச் சுத்தம் செய்வாய், போட்டோ எடுத்து அனுப்புவாய், போய்விடுவாய். ஒரு நாள் மேனேஜரம்மா போனில் உன்னைச் செடிக்குத் தண்ணீர் விடச் சொன்னார்கள். "அது என் வேலையில சேராதும்மா. வேணும்னா ஆள் பாத்து விடுறேன்" என்றாய். போனில் அந்தப் பக்கம், "அதுவும் சரிதான்" என்ற குரல் கேட்டது. அவ்வளவுதான்! கோபமே இல்லை. நான் அப்படிச் சொல்லியிருந்தால் மறுநாள் வேறு ஆள் வந்திருப்பாள் என்று நினைத்தேன். உனக்குத் தொழுகை இருக்கிறது, அதைச் சொல்லி எதிலிருந்தும் நழுவிக்கொள்கிறாய் என்றும் நினைத்தேன்.

மேனேஜரம்மா ஒரு தடவை என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். கோயிலில் பாதிப் பேரிடம் அதைச் சொன்ன பிறகு உன்னிடமும் வந்து பீற்றினேன்.

"நான் நம்ம வீட்டு ஆளு மாதிரியாம். அவுகளே சொன்னாக."

நீ பூனைக்கு மீன் முள்ளை ஆய்ந்துகொண்டே கேட்டாய். "மாதிரின்னா சொன்னாக?"

"ஆமா."

"அந்த 'மாதிரி'ய ஒழுங்காக் கேட்டுக்க அருளு. அங்கனதான் கதவு இருக்கு."

எனக்கு எரிந்தது. சொந்தம் கொண்டாட ஒரு வீடு கிடைத்திருக்கிறது, இவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பொறுக்காதவள் நான்தான் என்று அப்போது தெரியவில்லை. அன்றைக்கே மேனேஜரம்மாவுக்குப் போன் போட்டேன். நீ கால் மணி நேரம்கூட இருப்பதில்லை, பூனை நாளெல்லாம் கத்துகிறது என்றேன். பூனை கத்தவில்லை. மாதா மன்னிக்கட்டும், வாய் கூசாமல் சொன்னேன்.

அடுத்த வாரம் நீயே வந்து சாவியை என் கையில் வைத்தாய். "நீயே வச்சுக்க. எனக்கு நீ தெறந்து விட்டாப் போதும்" என்றாய். உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தபோது, கோயில் தேரையே நான் இழுத்து நிறுத்தியதுபோல் இருந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. மேனேஜரம்மாவின் கொழுந்தனார் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினார். "ஏதோ பத்திரம் எடுக்கணும், கதவத் தெறங்க" என்றார். மேனேஜரம்மாவின் சொந்தக்காரர் வாசலில் நிற்கிறார், வீட்டு ஆள் நான் எப்படி மறுப்பேன்? திறந்ததோடு விட்டேனா? உட்காரவைத்துக் காப்பி போடப் போனேன். பால் பொங்குகிற நேரத்தில் அவர் காரை உள்ளே விடக் கேட்டைத் திறந்து போட்டிருக்கிறார். காப்பியோடு வந்து பார்த்தால் பிரௌனி இல்லை.

மேனேஜரம்மா போனில் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "யாரக் கேட்டு அவரை உள்ள விட்டீக? உங்களை நாயப் பாக்கத்தான சொன்னேன்?" அதற்குப் பிறகு சொன்னதுதான் சுட்டது. அவர் முன்னால் இரண்டு தடவை வந்தபோது, "அம்மா போன்ல சொல்லட்டும், தெறக்கிறேன்" என்று நீ வாசலிலேயே நிறுத்தி அனுப்பினாயாம். சாவி உன்னிடம் இருந்ததே அதற்காகத்தானாம்.

நீ மத்தியானத் தொழுகை முடிந்த கையோடு வந்தாய். வாய்க்கால் கரையெல்லாம் நடந்தோம், திராட்சைத் தோட்டத்துக் கம்பிக்குக் கீழே குனிந்து குனிந்து போனோம். நான் ஒரு பக்கம், "அந்தோணியாரே, காணாமப் போனதக் காட்டிக் குடுக்கிற அப்பா" என்று அழுதுகொண்டே வந்தேன். பாதி வழியில் தாங்கமுடியாமல் நின்றேன்.

"நான் ஒன்னப் பத்தி அந்தம்மாகிட்ட..."

"தெரியும். அன்னைக்கே எனக்குப் போன் போட்டுட்டாக. மொதல்ல நாயத் தேடு."

அதற்குமேல் நீ அதைப் பேசவே இல்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிரௌனி பம்ப்செட்டுத் தொட்டிக்குப் பின்னால் சேறும் சகதியுமாக நின்றது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். தினமும் சோறு வைக்கிறவள் நான். அது என்னைத் தாண்டி ஓடி, உன் பையிலிருந்த நெத்திலி வாசத்துக்கு உன்மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டு, உன் கையை நக்கியது. அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பொறாமை வந்தது பார்! நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினாய்.

"ஏலே, எறங்குலே! அருளு, ஒன் அந்தோணியார்கிட்ட சொல்லு, நான் போயிக் குளிக்கணும்."

இரண்டு பேரும் தொட்டிக் கரையில் உட்கார்ந்து சிரித்தோம். உன் சேலை பூராவும் சேறு.

சாவி உன்னிடமே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு நீ படுத்தாய். படுத்தவள் எழவில்லை. உன் வீட்டுக்கு வந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த செபத்தை மனசுக்குள் சொன்னேன். கோபித்துக்கொள்ளமாட்டாய்.

போன வாரம் மேனேஜரம்மா கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். "அவுகதான் ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாக. அருளுக்கு இனிமே தெரியும்னாக." எனக்கு அழுகை வந்தது, கூடவே பழைய பொறாமையும் வந்தது. செத்த பிறகும் உன் வார்த்தைக்குத்தானே அந்த வீட்டில் மதிப்பு.

நேற்று பெங்களூரிலிருந்து போன். "அருளு, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கே வந்துருங்க. நீங்க நம்ம வீட்டு ஆளு மாதிரி."

இந்தத் தடவை அந்த 'மாதிரி' எனக்குக் காதில் விழுந்தது. அப்புறம் சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கெழம காலைல பூசம்மா. இன்னைக்குச் சாயந்தரமே ரெண்டுக்கும் சாப்பாடு கூடுதலா வச்சுட்டு வந்துருவேன். காலைல பதினோரு மணிக்குத்தான் வருவேன்."

"சரி, பதினோரு மணிக்கே வாங்க" என்றார்கள்.

அவ்வளவுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டு நாய்களுக்காக நான் விட்ட பூசை எத்தனை! உனக்குப் பாங்கு இருக்கிறது என்று வயிறெரிந்தேனே, எனக்கும்தான் கோயில் மணி இருந்தது. அதைச் சொல்லக்கூடாது என்று யார் என்னைத் தடுத்தது?

மணி பதினொன்று. மேனேஜரம்மா வீட்டில் சுந்தரிக்கு நெத்திலி வைத்திருக்கிறேன். உன்னைப்போலவே முள் ஆய்ந்துதான் வைத்தேன். என் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கிறது. பிரௌனி என் காலடியில் படுத்திருக்கிறது. சுந்தரி ஒரு வாய் தின்கிறது, வாசலைப் பார்க்கிறது. மறுபடி ஒரு வாய், மறுபடி வாசல். இங்கே ஒருத்தி உட்கார்ந்திருப்பது அதற்குக் கண்ணிலேயே படவில்லை.

இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதனால் பூனையைத் திட்டிவிட்டு, நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.