பழைய கடைசி நிறுத்தம்

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், நான் ஓட்டும் பஸ்ஸும் நலம்.

இங்கே ஊர் நீண்டுகொண்டே போவதால் கடைசி நிறுத்தத்தை மறுபடியும் தள்ளி வைத்துவிட்டார்கள். நேற்று மதியம் பழக்கதோஷத்தில் பழைய இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டேன். அங்கே முன்பு நான் முகம் கழுவிய குளத்தின்மேல் இப்போது வரிசையாக வீடுகள். பயணிகள் எல்லோரும் தூக்கம். ஜன்னலில் தண்ணீர் வாசம் வந்தாற்போல் இருந்தது. நானும் கண்ணை மூடினேன். கண்டக்டர்தான் தோளைத் தொட்டார்.

"அண்ணே, ஊரு இன்னும் நாலு கிலோமீட்டர் போகுதுண்ணே."

வீட்டுக்குப் பின்னால் குட்டையில் தவளை கத்தினால் போனில் பதிந்து அனுப்பு. இங்கே அறையில் போட்டுக் கேட்டால் தூக்கம் வரும்.

கண்டக்டர் விசில் அடிக்கிறார், கிளம்புகிறேன் அம்மா. குட்டைக்கரையில் யாராவது மனைக்கல் நட்டிருந்தால், அதை மட்டும் எழுதாதே.

உன் மகன்