நான்காவது கடையைப் பற்றி

ஏதென்ஸ்
செப்டம்பர் 11

அன்பு இஸ்மினிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான் இருக்கிறேன், மாடிப்படி ஏறும்போது முழங்கால் முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் ஓவெனும் குட்டி போலிக்ஸெனியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். மெல்பர்னில் குளிர் விட்டிருக்கும். இங்கே வெயில் இன்னும் போகவில்லை. எதிர்வீட்டு அம்மாள் பூனையை என்னிடம் விட்டுவிட்டுத் தீவுக்குப் போனாள், திரும்பி வந்துவிட்டாள், பூனைதான் திரும்பிப் போக மாட்டேன் என்கிறது.

ஓவெனுக்குப் பழைய சாப்பாட்டுக் கடைகளைக் காட்ட வேண்டும், வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் இடம் வேண்டாம், நம் ஆட்கள் சாப்பிடும் இடமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நான்கு கடை எழுதினேன். மூன்றை எழுதுவது சுலபமாக இருந்தது. ஒமோனியா சதுக்கத்துக்குப் பின்னால் பால் கடை, பளிங்கு மேசை போட்டது. காலை ஒன்பதுக்குள் போனால் மண்சட்டியில் ஆடையோடு தயிர் கிடைக்கும், பிறகு போனால் ஆடை இருக்காது. தேன் கொஞ்சம் கூடக் கேட்டால் கடைக்காரி, தயிர் சாப்பிட வந்தியா தேன் குடிக்க வந்தியா என்பாள், கோபமெல்லாம் இல்லை, எல்லோரிடமும் அப்படித்தான். அடுத்தது இறைச்சிச் சந்தைக்குள் இருக்கும் குடல் சூப் கடை. அது என்ன சூப் என்று ஓவெனிடம் சாப்பிட்டு முடித்த பிறகு சொல். உப்பு குறைவு என்று மட்டும் வாய் திறக்க வேண்டாம், சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது யார் என்று கடை முழுவதையும் விசாரிப்பார். மூன்றாவது, ஸ்தாதியூ தெருவில், பரிமாறுகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டிருக்கும் பழைய சாப்பாட்டுக் கூடம். சாப்பாட்டுப் பட்டியல் அட்டையைப் பார்த்துச் சொல்லாதே, சமையலறைக்குள் போய்ச் சட்டிகளைப் பார்த்துக் கேள். இரண்டரைக்கெல்லாம் சட்டி காலியாகிவிடும். அங்கே ஒரு பெரியவர் பரிமாறுகிறார், என்னைப் பேராசிரியர் என்றே கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்தான் என்று நான் ஒருநாளும் திருத்தியதில்லை. இன்று அதுவும் குற்றமாகவே படுகிறது.

நான்காவது, சந்தைக்கு அப்பால் பொத்தான் கடைத் தெருவில் ஸ்தமாதிஸின் நிலவறைச் சாப்பாட்டுக் கடை. அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நீயே எழுதியிருந்தாய். முதல் நாளே அங்கேதான் போக வேண்டும், அம்மாவை அடக்கம் செய்த அன்று எல்லோருக்கும் மீன் சூப் ஊற்றிய கையை முத்தமிட வேண்டும், அவருக்காகக் கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன் என்று. அந்த வரியை நான்கைந்து முறை படித்தேன். பிறகு கடிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். பிறகு எடுத்தேன்.

இஸ்மினி, நாங்கள் அன்று அங்கே சாப்பிடவில்லை. நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

உன் அம்மா இருபத்திரண்டு வருடம் அந்தத் தெருவில் மொத்த வியாபாரக் கடையில் பொத்தானும் ரிப்பனும் விற்றாள். மத்தியானம் ஆனால் படியிறங்கி ஸ்தமாதிஸிடம் போவாள். கடைசிப் பீப்பாய்க்குப் பக்கத்தில் அவளுடைய நாற்காலி. கொண்டைக்கடலை சூப், மத்தி மீன், கால் லிட்டர் மது. சுற்றிலும் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள். அவர்களுக்குக் காலர் பட்டன் தைத்துக் கொடுப்பாள், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது வரை தெரியும். ஒருநாளாவது வா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு முறை போனேன். மது வாடை கோட்டில் ஒட்டிக்கொள்கிறது, வகுப்பில் பையன்கள் கவனிப்பார்கள் என்றேன். பையன்கள் எதையும் கவனித்ததில்லை. கடைசி மாதம் ஆஸ்பத்திரியில், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று கண்ணை மூடியபடியே சொன்னாள், என்னை அடக்கம் செய்துவிட்டு வழக்கப்படி எல்லோரும் குடிக்கும் மீன் சூப்பை ஸ்தமாதிஸிடம் வைத்துக்கொள்ளுங்கள் என்று. சரி என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சரி என்றேன்.

அடக்கத்தன்று சர்ச்சில் எஃப்தெர்பி அத்தை ரோமத்தோல் கோட்டோடு நின்றாள். பின்னால் பள்ளித் தலைமை ஆசிரியர், அவர் மனைவி, கையுறையெல்லாம் போட்டுக்கொண்டு. எனக்கு ஸ்தமாதிஸின் நிலவறைப் படிகள் ஞாபகம் வந்தன. தரையில் தூவிய மரத்தூள். இவர்களை அங்கே கூட்டிப்போனால் மூட்டை தூக்குகிறவர்கள் எழுந்து இடம்விடுவார்கள், பிறகு அழுவார்கள், அவளைப் பெயர் சொல்லி அழுவார்கள். என் மனைவி யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதைத்தான் நினைத்தேன். அவள் பெட்டிக்குள் இருக்கும்போது இதை நினைத்தேன். கல்லறை வாசலில் இருக்கும் மண்டபத்துக்கே எல்லோரையும் அழைத்துப் போனேன். மெத்தை தைத்த நாற்காலிகள், பிராந்தி, ஆறிப்போன சூப். அத்தை சுற்றிலும் பார்த்துவிட்டு, நல்லவேளை, இடம் சுத்தமா இருக்கு என்றாள். ஸ்தமாதிஸும் சர்ச்சுக்கு வந்திருந்தார், கடைசி வரிசையில். பாதியிலேயே எழுந்து போனார். போனதைப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, அவரிடம் சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை என்று.

மறுநாள் நீ போன் செய்தாய். குட்டி பிறந்து ஆறு நாள், எழுந்து நடக்கவே முடியாமல் இருந்தாய், விமானம் ஏற முடியாமல் போனதற்கு அழுதாய். எங்கே சாப்பிட்டீங்கப்பா என்று கேட்டாய். ஸ்தமாதிஸிடம் என்றேன். அம்மாவோட இடத்தில் யார் உட்கார்ந்தாங்க என்றாய். யாரும் உட்காரலை, ஒரு தம்ளர் ஊற்றி வைத்தோம் என்றேன். ஒரு பொய்க்கு இவ்வளவு விவரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. போனில் நீ மூக்கை உறிஞ்சிவிட்டு, இப்பதான் மனசு ஆறுது என்றாய். அதன் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது. மூன்று வருடமாக அந்தத் தெருப் பக்கம் போகாமல் சந்தையைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நீ வந்து அவரிடம் நன்றி சொல்லி அவர் விழித்துக்கொண்டு நிற்பதற்குள் நானே போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நேற்று மத்தியானம் போனேன். கூட்டம் குறையட்டும் என்று எதிர்ப்பக்கம் நின்றேன். படியிறங்கினேன். அவர் கிழவராகிவிட்டார், கையில் கரண்டி மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும் கூடத்துக்கே கேட்கும்படி, வாங்க வாத்தியாரே, மூணு வருசமா சந்தையச் சுத்திச் சுத்திப் போறீங்களே கால் வலிக்கலையா என்றார். இரண்டு மேசை சிரித்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன், அன்று உங்களிடம் வந்திருக்க வேண்டும், அவள் கேட்டிருந்தாள், நான்தான் வரவில்லை என்று. அவர் கரண்டியைச் சட்டியின் மேல் குறுக்காக வைத்தார்.

"சர்ச்சுல பாதியில ஏன் எந்திரிச்சுப் போனேன்னு நினைச்சீங்க? அடுப்புல மீன் கிடந்துச்சு."

நாற்பது பேருக்கு வைத்திருந்தாராம். காலையில் அவரே போய் மீன் பார்த்து வாங்கினாராம். கடையில் வேறு யாரையும் உட்காரவிடவில்லையாம். உங்களிடம் நாங்கள் சொல்லவே இல்லையே என்றேன். அவர் நான் ஏதோ புரியாத பாஷை பேசுவதுபோலப் பார்த்தார்.

"இதச் சொல்லணுமா? இருபத்திரண்டு வருசம் இங்க சாப்பிட்ட பொம்பள செத்தா அவ வீட்டாளுங்க வேற எங்க போவாங்க?"

நாலு மணி வரை காத்திருந்தாராம். தெருமுனை வரை இரண்டு முறை போய்ப் பார்த்தாராம், வழி தெரியாமல் நிற்கிறோமோ என்று. பிறகு சந்தைக்குள் போய் மூட்டை தூக்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் கை கழுவி உட்கார்ந்தார்கள். கடவுள் அவளை மன்னிக்கட்டும் என்று சொல்லி, வழக்கப்படி தம்ளரை இடிக்காமல் குடித்தார்கள். ஒருவன் தன் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டானாம். சட்டியில் மிச்சமில்லை.

ஆக உன் அம்மா கேட்டது நடந்திருக்கிறது இஸ்மினி. கேட்ட இடத்தில், அவளைத் தெரிந்தவர்களோடு. நான் மட்டும் அங்கே இல்லை. நான் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, இடம் சுத்தமாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். நீ அவருக்கு நன்றி சொல்லலாம். சால்வையைக் கொடு, அது தப்பான ஆளுக்குப் போகாது. என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. கிளம்பும்போது நீ குழந்தையோடு வருகிறாய் என்று சொன்னேன். கூட்டிட்டு வாங்க, ஆனா அந்தச் சூப்ப இன்னொரு தடவ வைக்க மாட்டேன், கொண்டைக்கடலைதான் என்றார். கூட்டிட்டு வாங்க என்றதில் நானும் சேர்த்தியா என்பது எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் கேட்கும் உரிமை எனக்கில்லை. உன்னிடம் கேட்கிறேன். அம்மாவின் மகள் நீ. முதல் நாள் நீங்கள் மூவரும் அங்கே போகும்போது நானும் வரலாமா. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, நான் வீட்டில் குட்டிக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருப்பேன், முகம் சுளிக்க மாட்டேன்.

குட்டிக்கு விமானத்தில் காது அடைக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஏதாவது சப்பக் கொடு. அக்டோபரில் மாலையானால் இங்கே காற்று திரும்பிவிடும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்து வை. அத்தையிடம் நீ வரும் நாளை இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. உனக்கும் ஓவெனுக்கும் உடல் பலம் குறையாதிருக்கட்டும், பாட்டியின் பெயரை வாங்கிய பிள்ளை அவளைப் போலவே எல்லோர் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். டிக்கெட் நாளுக்கு முன் உன் பதில் வந்து சேர்ந்தால் போதும். வெறும் ஒரு வார்த்தையாக இருந்தாலும் சரி.

உன் அப்பா,
திராசிவுலோஸ்