கடல் மேற்கே கிடக்கும் ஊரில் பிறை

மார்ச் 17, செவ்வாய்

மழை. போர்ட்டோவில் வேறென்ன. காற்று இன்னொரு குடையையும் திருப்பிப் போட்டுவிட்டது.

வாங்க: குடை, பேரீச்சம்பழம் (வங்காளி கடை). வெள்ளிக்கிழமை பிரசன்டேஷனுக்கு என் பங்குப் படங்கள் இன்னும் கீறவில்லை.

நோன்பு முடியப் போகிறது. ஒரே வீட்டில் இருக்கும், ஒரே வகுப்பில் படிக்கும் மார்த்தா குசினியில் வைத்துக் கேட்டாள், உன் பெருநாள் எப்போது, வெள்ளி என்றால் விரிவுரையாளரிடம் சொல்லிப் பிரசன்டேஷனைத் திங்களுக்கு மாற்றலாம் என்று.

வெள்ளி, இல்லாவிட்டால் சனி என்றேன்.

"எது?"

"தெரியாது. பிறை கண்டால்தான்."

"உங்கள் ஊரில் கலண்டர் இல்லையா?"

இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் பெருநாள் எடுப்பதில்லை. விளங்கப்படுத்தப் போய் எனக்கே விளங்காமல் போனது. காத்தான்குடியில் எங்கள் வீட்டிலேயே வாப்பா இலங்கையில் கண்டால் மட்டும் எடுக்கும் உள்ளூர்ப் பிறை, மாமா உலகில் எங்கே கண்டாலும் எடுக்கும் சர்வதேசப் பிறை. போன பெருநாளுக்கு மேசையின் ஒரு பக்கம் மாமா வட்டிலாப்பம் தின்ன, மறுபக்கம் வாப்பா நோன்போடு முறைத்துக்கொண்டிருந்தார். இதைப் போய் மார்த்தாவிடம் எப்படிச் சொல்ல?

கடைசியில் சனி என்றுவிட்டேன். வாப்பாவின் மகள்தானே.

மார்ச் 18, புதன்

மழை விட்டது. நாளைக்குப் பிறை பார்க்க ஓர் இடம் தேடிப் போனேன். வெட்கக்கேடு.

ஊரில் பிறை பார்ப்பதென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி ஆற்றங்கரைப் பக்கம் போவோம். ஆறு என்பது வாவிதான்; மேற்கே அதற்கு மேலேதான் பிறை வரும். இங்கேயும் கால் தன்பாட்டில் அதையே செய்தது. கடலை விட்டு மேலே, மேலே. படிகள். நீல ஓடு பதித்த தேவாலயம். உடுப்புக் காயும் சந்துகள். ஒரு கொழுத்த பூனை. இரண்டு தடவை வழி தவறி அதே பூனையிடமே வந்து சேர்ந்தேன். மூச்சு வாங்க உச்சிக்கு ஏறி ஒரு மதிலில் சாய்ந்து பார்த்தால், எதிரே இருட்டத் தொடங்கிவிட்டது. திரும்பினால் முதுகுக்குப் பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது.

கடலுக்குள்! வந்து இரண்டு மாதம். ஒரே மழை முகில், சூரியன் விழுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் கடலில் அது எழும்பத்தான் செய்யும்.

நான் படிக்க வந்தது நகரத் திட்டமிடல். திசை தெரியாது.

மார்ச் 19, வியாழன்

ட்ராமில் கடற்கரை. ஆறு கடலில் விழும் இடம். சுவரோரம் தூண்டில்காரர்கள். குளிர். வானம் முழுக்க முகில்.

சூரியன் போய்க் கொஞ்ச நேரத்தில் முகில் ஒரு இடத்தில் கிழிந்தது. அதற்குள் மெல்லிசாக ஒரு கீறு. கண்டேன். பக்கத்தில் நின்ற தூண்டில்காரரின் கையைத் தட்டிக் காட்டினேன். அவர் மீன் என்று நினைத்துத் தண்ணீரையே பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் மூடிவிட்டது. படம் எடுக்கவில்லை. மடைச்சி.

உடனே வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன். ஊரில் நடுச்சாமம் தாண்டியிருக்கும், ஆனால் பெருநாள் வியாபாரம், மனுசன் புடவைக்கடையில்தான். பின்னால் யாரோ சாரிக்கு விலை பேசும் சத்தம்.

"வாப்பா, நான் பிறை கண்டன்."

"இஞ்ச ஒருத்தரும் காணல்ல மகள். நாளைக்கும் நோம்புதான்."

"இது வேற ஊருதானே வாப்பா."

"கொம்பு எப்பிடி இரிந்திச்சி?"

"ஒரு பக்கம் சரிஞ்சி."

"சரிஞ்சா? பிறை தோணி மாதிரித்தானே கிடக்கும். நீ கண்டது முகில்ட ஓரம். கண்ணாடி போட்டிருந்தியா?"

போட்டிருந்தேன். கண்ணாடி முழுக்கத் தூறல்.

தொழுகை அறை டெலிபோன் கடைக்கு மேல் மாடியில். அங்கேயும் கேட்டேன். ஒருவருடைய சொல், படமும் இல்லை, சனிதான் என்றார் வங்காளி இமாம், அன்பாகத்தான். தனியாகக் கண்டவர் யாருக்கும் தெரியாமல் நோன்பை விட வேண்டும் என்று ஓதப்போன காலத்தில் படித்த ஞாபகம். ஆனால் கண்டேனா?

பெருநாளில் நோன்பு பிடித்தால் ஹராம். நோன்பில் தின்றால் ஹராம். நாளைக்கு எது? யோசிக்க யோசிக்க அந்தக் கீறு தோணி போலவும் தெரிகிறது, முகில் போலவும் தெரிகிறது.

மார்ச் 20, வெள்ளி

விடியுமுன் ஸஹருக்குப் பாணும் முட்டையும். நோன்பு பிடித்தேன். வாப்பாவுக்காகவா அல்லாஹ்வுக்காகவா, தெரியவில்லை.

பிரசன்டேஷன் முடிந்தது. நாக்கு வறண்டு, வடக்கு என்று சொல்லித் தெற்கைக் காட்டினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. மார்த்தா மட்டும் காலை மிதித்தாள். பிறகு இருவரும் ஆற்றோரமாகக் கடல் வரைக்கும் நடந்தோம். துடைத்து விட்ட வானம். சூரியன் இன்னும் விழவில்லை, அதற்குள் பிறை. நல்ல உயரத்தில், தடிப்பாக, ஒரு பக்கம் சரிந்து.

முதல் பிறை இவ்வளவு உயரத்தில் நிற்காது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் நேற்று நான் கண்டது பிறைதான். இந்த ஊரில் அது சரிந்துதான் கிடக்கிறது.

வாப்பா மேல் கோபம் வந்தது. என் மேல் அதைவிட. என் கண்ணை நானே நம்பவில்லை. பெருநாளைப் பட்டினியாகப் போட்டுவிட்டேன். அழுகையும் வந்தது, மார்த்தா பயந்துவிட்டாள்.

சூரியன் கடலைத் தொட இன்னும் ஒரு விரல். சூரியன் விழும் மஃரிபோடு எங்கள் கணக்கில் நாள் முடியும், என் பெருநாளும் முடிந்துவிடும். எதிரே பேக்கரி. ஓடினேன். முட்டையும் சீனியும் வைத்த சின்னப் பணியாரம், சூடாக, வாசலில் நின்றபடியே.

"சூரியன் இருக்கிறதே!" என்றாள் மார்த்தா.

"இன்றைக்கு எனக்குப் பெருநாள்."

"நாளைக்கு என்றாயே?"

"நாளைக்கும்தான்" என்றேன், வாய் நிறைய.