வைதேகியின் ஒயர்கள்

14 மார்ச் 2026, சனி, இரவு 11.40. பிடுங்கிய ஒயர்கள் இருபத்துமூன்று.

வைதேகியின் மாடுலர் சிந்தசைசரில், ஒயர்களை மாற்றி மாட்டிச் சத்தம் உண்டாக்கும் மின்னிசைப் பெட்டியில், பவர் சப்ளையைச் சரிபார்க்க ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அவள் காபி போடப் போனபோது, சிக்கலாகக் கிடந்த ஒயர்களையெல்லாம் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன். அந்தக் கருவியில் ஒயர் மாட்டிய விதம்தான் இசை. சேமித்து வைக்க வழியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒரு வாரமா தேடிப் பிடிச்ச சத்தம்ங்க. நாளைக்கு ரெக்கார்டிங்" என்றாள். பிறகு சிரித்தாள். "அந்தக் காலத்துல இந்த மாதிரிப் பெட்டியில இசை பண்ண மல்லாடின பொம்பளைங்க ஒவ்வொருத்திக்கும் உங்கள மாதிரி ஒரு எஞ்சினியர் வாய்ச்சிருப்பான்."

செவ்வாயன்று போனில் ஒரே ஒருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தாள். திருவெறும்பூர் வரை பஸ்ஸில் காதிலேயே இருந்தது. இப்போது எவ்வளவு முயன்றும் அது நினைவில் வரவில்லை, அவள் குரல்தான் வருகிறது.

1. விடிந்ததும் ஸ்ரீரங்கம் போக வேண்டும்.
2. சொல்லாமல் எதையும் தொடக்கூடாது.
3. அவள் மறுபடி தேடி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார வேண்டும், உட்காரவிட்டால்.